சிவசுப்பு கேட்காத கேள்வி

மகனே,

நடந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். நான் செய்த தவறுகளையும் சேர்த்து, வரிசை மாறாமல், யாருக்காகவும் ஒரு வரியைக்கூட மென்மையாக்காமல். இதை எழுதும்போது எனக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. நீ இன்னும் பிறக்கவில்லை. மகனாகப் பிறப்பாயா மகளாகவா என்றும் தெரியாது. ஆனாலும் மகன் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் வரும் ஆளும் யாரோ ஒருவருடைய மகன்தான். நீ வளர்ந்து, வேலைக்காகவோ சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கவோ வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். அதை ஏன் இப்போதே எழுத வேண்டும் என்று நீ கேட்கலாம். "வயசானா உனக்கே இதெல்லாம் சின்ன விஷயமாத் தெரியும்" என்று நேற்றிலிருந்து மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அதுதான் என் பயம். நாற்பது வயதில் நான் மன்னித்துவிடக்கூடும். மன்னித்துவிட்ட ஒருத்தி எழுதினால் அவன் நல்லவனாகத் தெரிவான். அதனால் மன்னிக்காதவளாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிலோமினா டீச்சர் என்றால் சாந்தோமில் எங்கள் கோயிலுக்கு வருகிற பாதிப் பேருக்குத் தெரியும். பையன்கள் படிக்கும் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருடம் அறிவியல் நடத்தினாள். அறுபது பையன்கள் இருக்கும் வகுப்பில் மைக் இல்லாமல் கத்திக் கத்தித் தொண்டையில் முடிச்சு விழுந்தது. ஒருமுறை ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்தது. இனிமேல் உரக்கப் பேசினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டாள். அதன் பிறகு ஒரு வருடம் அம்மா வீட்டில் இருந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். வாசலில் பள்ளி ஆட்டோ போகும் சத்தம் கேட்டால் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். அவளுக்கு வேலை போனது பெரிதாக இல்லை. ஒரு பிள்ளைக்குப் புரியவைக்கும் அந்த நிமிடம் போனதுதான் பெரிது. இந்தக் கடிதம் முழுக்க இதை நினைவில் வைத்துக்கொள்.

அந்தச் சமயத்தில்தான், நான் பள்ளிக்குப் போயிருந்த ஒரு பகலில், சிவசுப்பு அண்ணா வீட்டுக்கு வந்தார். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவரின் மகன், அம்மாவின் பழைய மாணவர். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் தவறிவிட்டாராம். "டியூஷன் எல்லாம் வேணாம், சும்மா வீட்டுக்கு வா" என்று அம்மா கூப்பிட்டு, முழுப் பரீட்சை வரை ஒவ்வொரு மாலையும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்கு அப்போது ஒரு வயது. ஒரு கையில் என்னைத் தூக்கிக்கொண்டு, மறு கையில் இயற்பியல் புத்தகத்தோடு அவர் நிற்கும் படம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் இப்போது ஒரு தொழில்நுட்பக் கம்பெனியின் நிறுவனர். பெயரையும் ஷிவ் என்று சுருக்கிக்கொண்டார். மாணவர்கள் தமிழில் சந்தேகம் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் மெஷின் ஒன்றைச் செய்திருந்தார். "டீச்சர், நீங்க பேசவே வேணாம். டைப் பண்ணாப் போதும். நீங்க இல்லாம இது நடக்காது" என்றாராம். அம்மா அழுதுவிட்டாளாம்.

மூன்று வருடம் அம்மா அந்த மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மெஷின் தடுமாறும் கேள்விகள் அவளுடைய லேப்டாப்புக்கு வரும். தொண்ணூறு நொடிக்குள் பதில் போட வேண்டும். அவள் எழுதிய பதில்களைப் படித்துத்தான் மெஷினும் கற்றுக்கொண்டது. விதிகள் நிறைய இருந்தன. "நான்" என்று எழுதக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, இப்படி ஒரு வேலை பார்ப்பதை வெளியே சொல்லக்கூடாது. ஒரு மாலை எவனோ ஒரு பையன், காலையிலிருந்து படிக்கிறேன், ஒன்றும் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறான். அம்மா கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது: "மெஷின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காது. தயவுசெய்து ஆளாகப் பேச வேண்டாம்." அம்மா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, குரல் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் நான் அவருடைய ரசிகை. இது என் முதல் தவறு.

இரண்டாவது தவறு, அவரைப் பள்ளிக்கு அழைத்ததே நான்தான். அறிவியல் மன்றத்தின் செயலாளர் நான். அடையாறு நூலகத்தில் நிறுவனர்கள் வாழ்க்கை வரலாறு இருக்கும் அலமாரியை முழுவதும் படித்து முடித்திருந்தேன். ஒரு தொழில்நுட்ப நிறுவனரை நேரில் சந்தித்தால் மாணவிகள் என்னவெல்லாம் கற்கலாம் என்று பதினொரு பாயிண்ட் எழுதித் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொடுத்தேன். சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பன்னெண்டாவது பாயிண்ட், அவர் வர்றப்போ யாரும் விசிலடிக்கக் கூடாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அழைப்புக் கடிதம் சிஸ்டர் பெயரிலேயே போனது, என் பெயர் அதில் இல்லை. சந்திப்பு முடிந்ததும் நான் பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

நேற்று காலை அம்மா எட்டு மணிக்கே குளித்து, கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மேடையில் செய்துகாட்டும் டெமோ நாட்களில் மெஷினை நம்ப முடியாது என்று எல்லாக் கேள்விகளும் அம்மாவுக்கே வரும்படி வைப்பார்கள். "யாருக்கும்மா இந்தப் புடவை? உன்ன யாரும் பாக்கப் போறதில்லையே" என்றேன். "நான் உங்க ஸ்கூலுக்கு வர்றேன்ல" என்று அவளுடைய காற்றுக் குரலில் சொன்னாள். நான் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்து, "அவன் என்னப் பத்தி ஏதாவது சொன்னான்னா, சொன்னது சொன்னபடி கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாள். சும்மா கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஆடிடோரியத்தில் முந்நூறு பேர் இருந்தோம். என் பக்கத்தில் ரேவதி. அவளுக்கு வீடு சிந்தாதிரிப்பேட்டை, அப்பா மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். ஷிவ் மேடையில் ஏறியதும் "இன்னாடி, அண்ணன் சும்மா கெத்தா கீறாரு" என்று என் விலாவில் இடித்தாள். நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்: அவர் நன்றாகப் பேசினார். பயன்படுத்துகிறவர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், அவருடைய விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தவறு அங்கேதான் இருக்கும் என்றார். அது நல்ல பாடம். அதை அடிக்கோடிட்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். கஷ்டப்பட்ட இடங்களில் எல்லாம் "நான்" என்றார், ஜெயித்த இடங்களில் "என் டீம்" என்றார். இரண்டிலும் அம்மா வரவில்லை. வருவாள், கடைசியில் வருவாள் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன்.

வந்தாள். "இந்த ஐடியா எப்படி வந்துச்சு தெரியுமா கைஸ்? டென்த் படிக்கிறப்போ சயின்ஸ் கிளாஸ்ல எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டேன். ரொம்ப டீப்பான கேள்வி. டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, குரலைக் கீச்சிட்டுக்கொண்டு, "இதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காருடா எருமை!" என்றார். முந்நூறு பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் மகனே. வாய்விட்டுச் சிரித்தேன். அவர் மேலும் சொன்னார்: "சாந்தோம்ல ஃபிலோ மிஸ்னு ஒருத்தங்க. நல்லவங்கதான், பட் அவங்களுக்கே ஆன்ஸர் தெரியாது. அன்னிக்கு முடிவு பண்ணேன், எந்தப் பிள்ளையும் இப்படி அவமானப்படக் கூடாதுன்னு." என் வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது. அம்மா வாழ்க்கையில் யாரையும் எருமை என்று சொன்னதில்லை. தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியல, நாளைக்குப் பார்த்துட்டு வர்றேன்" என்று கரும்பலகையின் மூலையில் எழுதிவைப்பாள் என்று அவளிடம் படித்த எங்கள் மாமாவே சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு திரையில் மெஷினைத் திறந்தார். "இந்தப் பக்கம் மனுஷங்களே கிடையாது. ஒரு ஆள்கூட இல்ல. பியூர் மெஷின். யாராவது வந்து கேளுங்க" என்றார். ரேவதி கையைத் தூக்கி ஓடினாள். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஏன் கொஞ்ச தூரம் ஓட வேண்டியிருக்கிறது என்று டைப் செய்தாள். திரையில் "யோசிக்கிறேன்" என்று வந்தது, பக்கத்தில் மூன்று புள்ளிகள் துள்ளின. பதில் வந்தது: "கால் தரையைத் தொட்டு நின்றுவிடும். உடம்பு மட்டும் இன்னும் பஸ்ஸோடு போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓடினால்தான் இரண்டும் சமாதானமாகும்." எல்லோரும் கைதட்டினார்கள். ஷிவ் குனிந்து வணங்கினார். நீலப் புடவையோடு அம்மா அங்கே உட்கார்ந்து இதை டைப் செய்கிறாள், இங்கே இவர் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்கிறார். அப்போது எனக்குள் வந்ததற்கு நியாயம், நேர்மை என்றெல்லாம் பெயர் வைக்க மாட்டேன். பழிவாங்க வேண்டும் என்று வந்தது. தெளிவாக வந்தது.

"நெக்ஸ்ட்? நோட்புக் வெச்சிருக்கிற பாப்பா, வாங்க" என்றார். ஒரு காலத்தில் தூக்கிவைத்திருந்த பிள்ளையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் போய் உட்கார்ந்து டைப் செய்தேன். "சிவசுப்பு என்ற மாணவர் பத்தாம் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டாராம். பிலோமினா டீச்சர், இது பரீட்சைக்கு வராது, உட்காருடா எருமை என்றாராம். டீச்சருக்கே பதில் தெரியாதாம். இதை இப்போது எங்கள் மேடையில் சொன்னார். இது நடந்ததா?" அவர் எட்டிப் பார்ப்பதற்குள் அனுப்பிவிட்டேன். எழுத்துகள் ஆளுயரத்துக்குத் திரையில் நின்றன. யோசிக்கிறேன், மூன்று புள்ளி. அவர் சிரித்தார். "பாருங்க, பர்ஸனல் கேள்வின்னா மெஷினும் வெக்கப்படுது." புள்ளிகள் துள்ளின. "நெட் கொஞ்சம் ஸ்லோ." புள்ளிகள் துள்ளின. நான் அவருடைய விரலைப் பார்த்தேன். லேப்டாப்பை மூடப் போய், மூடாமல், விளிம்பிலேயே நின்றது. அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான். நான் எண்பத்தாறு வரை எண்ணினேன். பதில் வந்தது.

"சிவசுப்பு, அந்தக் கேள்வி என்ன என்று சொல். நான் இப்போது பதில் சொல்கிறேன்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "சொல்லுங்க சார்!" என்றது. அடுத்து பத்துக் குரல், பிறகு மொத்த ஆடிடோரியமும். "சொல்லுங்க சார்! சொல்லுங்க சார்!" அவர் வாயைத் திறந்தார். ஏதாவது ஒரு கேள்வியைச் சொல்லியிருக்கலாம். வானம் ஏன் நீலம் என்று கேட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பார். ஆனால் இந்தக் கதையை எத்தனையோ மேடைகளில் சொல்லிப் பழகியவர் போலச் சொன்ன மனுஷர், கதைக்குள் கேள்வியை வைக்க மறந்துவிட்டார். அப்படி ஒன்று இருந்தால்தானே. ரேவதி, "இன்னாடி இது, மெஷினுக்குப் பேரெல்லாம் தெரிது" என்று உரக்கக் கேட்டாள். சிஸ்டர் எழுந்து நின்ற பிறகுதான் சத்தம் அடங்கியது. அதற்குள் லேப்டாப் மூடியிருந்தது. எனக்கு அந்த நிமிடம் இனித்தது. இப்போது எழுதும்போதும் இனிக்கிறது. இதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

மேடைக்குப் பின்னால் வராந்தாவில் என்னை நிறுத்தி, "யாரு நீ?" என்றார். "ஸ்டெல்லா. ஃபிலோ மிஸ் பொண்ணு" என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெதுவாக, சின்னக் குழந்தைக்கு விளக்குவது போல, "அதில்லம்மா. ஒரு ஃபவுண்டர்னா ஆரம்பத்துல ஒரு அடி வாங்கின கதை வேணும். பணம் போட வர்றவங்க முதல்ல அதத்தான் கேப்பாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கல. வீட்லயும் நல்லாதான் இருந்தாங்க, டீச்சரும் நல்லாதான் பாத்துக்கிட்டாங்க. நான் என்ன பண்றது? எந்த ஃபிலோ மிஸ்னு யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே முழு உண்மை அதுதான். அதையும் தேதியோடு எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா லேப்டாப் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கணக்கை அவர்கள் மூடியிருந்தார்கள், கடவுச்சொல் தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தது. "சொன்னது சொன்னபடி சொல்லு" என்றாள். எருமையைச் சொன்னேன், கீச்சுக் குரலைச் சொன்னேன். "பசங்க சிரிச்சாங்களா?" "ஆமாம்மா." "நீயி?" எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. "நானும் சிரிச்சேன். உன்னைத்தான்னு தெரியறதுக்கு முன்னாடி." அம்மா தலையை ஆட்டினாள். "தெரியறதுக்கு முன்னாடி எல்லாருமே சிரிக்கத்தான் செய்வாங்க" என்றாள். பிறகு, "அவன் பொய் சொன்னத அங்கியே எந்திரிச்சு நீ சொல்லியிருக்கலாம்ல? என்ன ஏன் அத அங்க வெச்சுப் படிக்க வெச்ச?" என்று கேட்டாள். என் கோபத்துக்கு அம்மாவின் கையைப் பயன்படுத்திக்கொண்டேன். அவரும் அவளுடைய கையைத்தான் பயன்படுத்தினார். இந்த ஒரு இடத்தில் அவருக்கும் எனக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நானே அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி எந்தப் பிள்ளையின் சந்தேகமும் அந்த மேஜைக்கு வராது. அதில் என் பங்கும் இருக்கிறது.

பள்ளி மலருக்கான கட்டுரையில் டெமோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். அதனால் மாணவர்கள் கற்க வேண்டியதை உனக்கே எழுதுகிறேன். சாதித்தவர்களைப் போய்ப் பார், கட்டாயம் பார். முதல் வரிசையில் உட்கார். அவர்கள் வேலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள், ஏனென்றால் அது அவர்களுக்கு உண்மையிலேயே தெரியும். அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது பேனாவை மூடிவிட்டு முகத்தைப் பார். கதையில் கெட்டவராக வருகிறவரின் பெயரைக் கேள், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேள். நீயே ஒரு நாள் அந்த மேடையில் நின்றால், உனக்கு நல்லதே நடந்திருந்தால், நல்லதே நடந்தது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடு. கதைக்கு ஒரு வில்லி வேண்டும் என்று யாராவது சொல்லி நீ என் அம்மாவையோ என்னையோ அங்கே நிறுத்தினாய் என்றால், நான் எவ்வளவு கிழவியாகியிருந்தாலும் வந்து முன்வரிசையில் உட்காருவேன், கை தூக்குவேன். பெற்ற தாய் என்று கருணை எதிர்பார்க்காதே.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. நேற்று மாலை ஏழு மணி இருக்கும், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் போனேன். வாசல் விளக்கு வெளிச்சத்தில் அவர்தான் நின்றார், கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். "டீச்சர் இருக்காங்களா பாப்பா? திங்கக்கிழமை பெரிய டெமோ ஒண்ணு. வெளியூர்லேருந்து வர்றாங்க. கோபத்துல கணக்க மூடிட்டேன், இதோ திறந்து விட்டுடறேன். டீச்சர் இல்லாம முடியாது" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. எனக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. அவரைக் கண்டு அல்ல, அம்மாவை நினைத்து. எத்தனை பையன்களை அவள் வாசலில் வைத்தே மன்னித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையை அவள் எவ்வளவு நேசித்தாள் என்பதும் தெரியும். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காபிக்குப் பால் வைக்கத்தான் எழுகிறாள் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், செருப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார். "டீச்சர், நான் சிவசுப்பு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அம்மாவின் காலடி முன்னறை வரை வந்து, கதவுக்குப் பக்கத்தில் சுவிட்சுகள் இருக்கும் இடத்தில் நின்றது. எங்கள் தலைக்கு மேல் இருந்த வாசல் விளக்கு அணைந்தது. அடுத்து முன்னறை விளக்கும் அணைந்தது.